தொலைபேசியில் செய்த தோட்டம்

கிர்ஸ்டன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "நாதன், உருளைக்கிழங்கு போடலாமா?" என்று கேட்டார்.

நான் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தேன். இரண்டு விரலால் உருட்டினேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தேன். பிறகு நிமிர்ந்து கிழக்கே நெடுநேரம் பார்த்தேன். கிழக்கே கார் நிறுத்துமிடம் இருந்தது.

"பொறுங்கள்" என்றேன்.

கிர்ஸ்டன் தலையை ஆட்டிவிட்டுப் போய் அடுத்த வளவுக்காரருக்குச் சொன்னார். அவர் அதற்கடுத்தவருக்குச் சொன்னார். பின்னேரத்துக்குள் எங்கள் வரிசையில் ஏறக்குறைய எல்லோரும் விதைக்கிழங்கைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மண்ணை மணந்ததில் நான் கண்டுபிடித்தது, மூக்கில் மண் ஒட்டும் என்பதை மட்டும்தான். மண்ணை மணந்து வேறு என்ன அறியலாம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதைச் செய்யும்போது டேனிஷ்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்காகச் செய்வது.

இது டென்மார்க்கில், ஜூட்லாந்துப் பக்கம், பிராண்டே ஊரின் ஓரத்தில். கொலனிஹேவ என்று சொல்வார்கள். மாடிவீட்டில் இருக்கிறவர்களுக்குத் தோட்டம் செய்யச் சங்கம் வாடகைக்குத் தருகிற நிலத்துண்டு. இடுப்பளவு உயிர்வேலி, அலுமாரியைவிடக் கொஞ்சம் பெரிய மரக்குடில், ஒரு கொடிக்கம்பம். நாலு வருஷம் பெயர் பதிந்து காத்திருந்து எடுத்தது.

அந்த வருஷம் வசந்தம் வரவில்லை. கலண்டரில் வந்தது, நிலத்துக்கு வரவில்லை. சித்திரை பிறந்து இரண்டு கிழமை கழிந்தும் காலையில் வாளித் தண்ணீரில் ஆடை படிந்த மாதிரி ஐஸ் இருக்கும். செரி மரத்து மொட்டுகள் திறக்கமாட்டோம் என்று இறுக்கி மூடிக்கொண்டு நின்றன. நான் மாரி ஜக்கெட்டோடு தோட்டத்துக்குப் போய், மாரி ஜக்கெட்டோடு திரும்பி வந்தேன்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊரில் யுத்தம் முடிந்தது.

மிளகாயை ஆர் சந்தேகப்படுவினம்

டென்மார்க்கில் நான் ஒரு விவசாயி. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

ஊரில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் தட்டெழுத்தாளனாக இருந்தேன். காலையிலிருந்து மாலைவரை காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், அடிப்பது வேலை. நிலத்தோடு எனக்கிருந்த உறவு முழுவதும் கார்பன் தாள் வழியாக வந்தது. கத்தரிச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், காய்க்கும்வரை பொறுத்திருந்து சரியாகச் சொல்லுவேன்.

இங்கே வந்து இறங்கியபோது அகதி முகாமில் என் கட்டிலுக்கு மேற்கட்டிலில் ஓர் அண்ணை இருந்தார். எனக்கு மூன்று மாதம் முந்தி வந்தவர். ஆகவே அனுபவசாலி. விசாரணைக்கு முதல்நாள் மேலேயிருந்து குனிந்து கேட்டார்.

"தம்பி, என்ன வேலை செய்தனான் எண்டு சொல்லப்போறீர்?"

"டைப் அடிச்சனான் எண்டு."

"விசரே உமக்கு? என்னத்தை அடிச்சனீர், ஆருக்கு அடிச்சனீர், நோட்டீஸ் அடிச்சனீரோ எண்டு விடியவிடியக் கேப்பாங்கள். தோட்டம் எண்டு சொல்லும். மிளகாய் நட்டனான் எண்டு சொல்லும். மிளகாயை ஆர் சந்தேகப்படுவினம்?"

அடுத்தநாள் விசாரணையில் தோட்டம் என்று சொன்னேன். எவ்வளவு நிலம் என்று அதிகாரி கேட்டார். இந்த இடத்தில் என் வாய் என்னைக் காப்பாற்றியது.

"வன்னி, விசுவமடுவில் மூன்று ஏக்கர். வடக்கு வாய்க்கால், கிழக்கு வீதி, தெற்கு கந்தையா நாகமுத்துவுக்குச் சொந்தமான காணி, மேற்கு காடு. இவற்றுள் அடங்கிய நிலமும் வான்பயிரும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும் முழுவதும்."

மொழிபெயர்த்தவர், "தம்பி, மூச்சு விட்டுச் சொல்லும்" என்றார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தன் நிலத்தை இப்படி மனப்பாடமாகச் சொல்லுகிறவன் விவசாயியாக இல்லாமல் வேறு யாராக இருக்கமுடியும்? எழுதிக்கொண்டார். நான் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தேன்.

நிலம் உண்மையில் இருந்தது. என்னுடையது அல்ல, அவ்வளவுதான். அது தில்லை மச்சானுடையது. அந்தக் காணியை வாங்கி உறுதி முடிக்க எங்கள் கந்தோருக்கு வந்தபோதுதான் அவரை முதன்முதல் கண்டேன். நான் அடித்த உறுதியை விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தன் தங்கை சரோவை எனக்குப் பேசி வந்தார். உறுதியில் பிழை இல்லாததால் மாப்பிள்ளையிலும் பிழை இருக்காது என்று நம்பிவிட்டார், பாவம்.

விசாரணையில் நடந்ததை மச்சானுக்குக் கடிதத்தில் எழுதினேன். பதில் கடிதத்தின் முதல் வரி: "என்ரை காணியை எனக்குச் சொல்லாமல் டென்மார்க்குக்கு எழுதிக் குடுத்திட்டாய்." அன்று தொடக்கம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டக்காரன்தான்.

பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது

தாளில் விவசாயி என்று இருந்ததால் என்னைப் பன்றிப் பண்ணைக்கு வேலைப் பயிற்சிக்கு அனுப்பிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: நான் சைவம். அந்தப் பண்ணையில் பன்றிகளும் சைவம். எங்களுக்குள் ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

நான் தட்டெழுத்தாளன் என்பது பன்றிகளுக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. முதலாளிக்குப் பதினொரு நாள் எடுத்தது. நான் வைக்கோல் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, "நீ விரல் நுனியால் விவசாயம் செய்கிறாய்" என்றார். எங்கள் நாட்டில் அப்படித்தான் என்றேன். அவர் நம்பினார், அல்லது நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காற்றாலைக்கு இறக்கை செய்கிற இடம். அங்கே யாரும் நிலம் பற்றிக் கேட்கவில்லை. நான் விவசாயி என்பதை நானே மறந்துபோயிருந்த நேரத்தில்தான் கொலனிஹேவ கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விவசாயம்

பக்கத்து வளவுக் கிர்ஸ்டன் முதல் கிழமையே வந்து கைகொடுத்தார். எழுபதைத் தாண்டிய பெண்மணி, தனியாக இருக்கிறவர், சங்கத்தின் நிர்வாகத்திலும் இருப்பவர். "நீங்கள் விவசாயியாம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பிராண்டேயில் ஒருவருக்குத் தெரிந்த விஷயம் மிச்சப்பேருக்குத் தெரிய அன்று பின்னேரம்வரை ஆகும்.

"என் முட்டைக்கோவாவைப் புழு தின்கிறது. உங்கள் நாட்டில் என்ன செய்வீர்கள்?"

"திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். ஞானிகள் உடனே பதில் சொல்வதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லை மச்சான் சைக்கிளில் சந்திக்கு வருவார். அங்கே ஒரு தொலைபேசிக் கடை. குறித்த நேரத்துக்கு நான் எடுக்கவேண்டும். முதலில் சரோ பேசுவாள், பிறகு நான். அந்தக் கிழமை குடிலுக்குப் பின்னால் நின்று புழுவைப் பற்றிக் கேட்டேன்.

"வேப்பிலையை அவிச்சுத் தெளி."

"இஞ்சை வேம்பு இல்லை மச்சான்."

"வேம்பில்லாத ஊரிலை நிண்டு என்னடா செய்யிறாய்? அப்ப மாடு வாய் வைக்காத இலை ஏதும் இருந்தால் அதை அவி."

மாடு வாய் வைக்காத இலை என்று கிர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ருபாப் இலையை அவித்துத் தெளித்தார். புழு போய்விட்டது. அடுத்த கிழமை வேலி ஓரமாக மூன்று பேர் கேள்வியோடு நின்றார்கள்.

ஓடில்லாத நத்தைகளைப் பற்றிக் கேட்டபோது மச்சானுக்கு விளங்கவில்லை.

"ஓடில்லாமல் நத்தையோ? உங்கை அதுகளும் உரிஞ்சுபோட்டே திரியுதுகள்?"

"பகிடி விடாதேங்கோ. கீரை முழுக்கப் போகுது."

"வாத்தை விடு."

விட்டோம். அதாவது மச்சான் சொன்னதை நான் சொன்னேன், இரண்டு வளவுக்காரர் வாத்து வாங்கினார்கள். வாத்துகள் நத்தையைத் தின்றன. பிறகு கீரையைத் தின்றன. பிறகு சங்கத் தலைவரின் ஸ்ட்ராபெரிக்குப் போயின. சங்கத்தின் விதிகளில் வாத்து வளர்க்கக்கூடாது என்று ஒரு பிரிவு இன்றைக்கும் இருக்கிறது. டென்மார்க்கின் சட்டத்துக்குள் விசுவமடு நுழைந்தது அந்த வழியாகத்தான்.

ஒருமுறை மாசி மாதத்தில் நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது.

"மண்வெட்டி இறங்குதில்லை மச்சான்."

"தண்ணியைக் கட்டன்."

"தண்ணியும் கல்லாய்த்தான் கிடக்கு."

"அப்ப பேசாமல் வீட்டை போய்ப் படு. அதுவும் விவசாயம்தான்."

இப்படியாக, ஐந்து வருஷம், ஜூட்லாந்தில் ஒரு வரிசைத் தோட்டங்கள் வன்னியிலிருந்து வந்த உத்தரவின்படி நடந்தன. பெயர் எனக்கு. மச்சானுக்கும் இதில் ஒரு குஷி இருந்தது. தன் பயிரைப்பற்றிப் பேசுமுன் எங்களதைத்தான் கேட்பார். "கிழவியின்ரை கோவா தப்பிச்சுதோ? தொப்பிக்காறன் தண்ணியைக் கூட விடுறவன், அவனுக்குச் சொன்னனியோ?" ஒருவரையும் கண்டதில்லை. எல்லோரையும் தெரியும்.

பங்குனி கடைசி வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கிழங்கு போட்டாச்சோ?"

மூன்று மொழியில்

அந்தப் பங்குனியில் கேள்வி வரவில்லை.

அதற்கு முந்திய மாரியில் சந்தி இடம்பெயர்ந்துவிட்டது. தொலைபேசிக் கடை எங்கே போனதென்று தெரியாது. மச்சான் கடைசியாகப் பேசியபோது, "இனி நீ எடுக்காதை. நான் இடம் பாத்து எடுக்கிறன்" என்றார். அவரும் சரோவின் அண்ணியும் சாக்குக்குள் விதை கட்டிக்கொண்டு கிழக்கே நடப்பதாகச் சொன்னார். பிறகு ஒன்றும் இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இலக்கத்துக்கே எடுத்துப் பார்த்தேன். பதிவுசெய்த ஒரு பெண்குரல், தொடர்பு கொள்ளமுடியாது என்று மூன்று மொழியில் சொன்னது. நான் மூன்றையும் கடைசிவரை கேட்டுவிட்டு வைப்பேன். நாலாவது மொழியில் வேறு ஏதாவது சொல்லுமோ என்று ஓர் எண்ணம்.

சரோ முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். வேலை நேரத்தில் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது. அவள் சட்டைப் பையில் வைத்திருந்தாள். பொறுப்பாக இருந்த தாதி அந்தப் பையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் இங்குள்ள தமிழர் எல்லோரும் கோப்பன்ஹேகனுக்குப் பஸ்ஸில் போய், யுத்தத்தை நிறுத்து என்று பதாகை பிடித்துக் கத்திவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தொண்டை அடைத்துத் தோட்டத்தில் நிற்பேன். கிர்ஸ்டன் சளித் தடிமன் என்று நினைத்து எல்டர்பூச் சாறு காய்ச்சித் தருவார். ஒவ்வொரு ஞாயிறும் தடிமன் வருவது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விதைக்கிழங்கு வீட்டு நடையில் முட்டைத் தட்டுகளில் அடுக்கியிருந்தது. இங்கே அப்படித்தான், முளைக்கவிட்டுப் போடுவது. சரோ வேலைக்குப் போகமுன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் திருப்பி வைப்பாள். வீடு முழுக்கச் சாக்கு மணம்.

"கிழங்கைப் போடுவமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணை கேப்பார்தானே."

"ஓம்."

"கேட்டாப்பிறகு போடுவம்."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் கேட்காமல் போடுவதென்றால், இனிக் கேட்க ஆளில்லை என்று நாங்களே முடிவு கட்டியதாகிவிடும். கிழங்கு முளை விட்டுக்கொண்டிருந்தது.

ஆகவேதான் கிர்ஸ்டன் கேட்டபோது பொறுங்கள் என்றேன். என்னிடம் இருந்த ஒரே பதில் அது.

திரைச்சீலை

மே மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் டென்மார்க்கில் ஜன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அவர்களுடைய யுத்தம் முடிந்த செய்தி வானொலியில் வந்த நாள். கிர்ஸ்டன் தன் குடில் ஜன்னலில் இரண்டு ஏற்றிவிட்டு எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். சரோவும் வந்தாள். மூன்று பேரும் ஜக்கெட்டோடு இருந்து குடித்தோம்.

"எனக்கு அப்போது ஏழு வயது" என்றார். "ஜன்னலுக்குப் போட்டிருந்த கறுப்புத் திரைகளை எல்லோரும் தெருவில் போட்டு எரித்தார்கள். அம்மாவும் எரித்தார். அடுத்த மாரியில் எனக்குப் பாவாடை தைக்க வீட்டில் துணி இல்லை. அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

கோப்பியை ஊற்றிக்கொண்டே, "உங்களுடையது எப்போது முடியும்?" என்று கேட்டார்.

சரோ என்னைப் பார்த்தாள். நான் கோப்பியைப் பார்த்தேன். "பொறுங்கள்" என்றேன், பழக்கத்தில்.

போகும்போது கிர்ஸ்டன் ஒரு மெழுகுதிரியைச் சரோவிடம் கொடுத்தார். அவள் அதை நடை ஜன்னலில் கிழங்குத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏற்றவில்லை.

இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முடியவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை.

என் புகழ்

எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். மச்சான் சொல்லுகிற அந்தத் தொப்பிக்காரர் கேட்கவில்லை. அவரும் வரிசைக் கடைசியில் இருந்த ஒரு சோடியும் கிழங்கு போட்டு, அவரைக் கன்று நட்டு, பூசணியும் வைத்தார்கள். நாலு நாள் வெயில் எறித்தது. தொப்பிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று எனக்குக் கை காட்டினார்.

மே கடைசியில், இனி வராது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, உறைபனி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அவரைக் கன்றெல்லாம் அவித்துப் போட்ட மாதிரி. கிழங்கு இலை கறுத்துச் சாய்ந்து கிடந்தது. பூசணி நின்ற இடத்தில் சளி மாதிரி ஒன்று இருந்தது.

என் வளவில் எந்தச் சேதமும் இல்லை. என் வளவில் ஒன்றும் இல்லை.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். நான் ஒரு சிட்டிகை மண் எடுத்தேன். வேறு என்ன செய்வது? சங்கத்தின் செய்தித்தாளில் என் வளவின் படம் வந்தது. கீழே என் பெயர். மேலே மண். அந்த வருஷம் ஒரு பயிரும் நடாமல் பயிர்ச்செய்கைக்காகப் பத்திரிகையில் வந்த ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் செய்தித்தாளைச் சரோவிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அண்ணைக்கு வைச்சுக் காட்டவேணும்" என்று மடித்துச் சமையலறை லாச்சிக்குள் வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. முதல்நாள் சாப்பிட்டாளா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

மண்வெட்டி பிடிக்கிற விதம்

ஜூனில் கடைசியாக வெயில் வந்தது. உண்மையான வெயில். எல்லோரும் ஒரே கிழமையில் எல்லாவற்றையும் போட்டு முடித்தார்கள். எங்கள் வரிசை பச்சைப் பசேல் என்று ஆனது. நடுவில் என் வளவு மட்டும் முன்பல் விழுந்த மாதிரி.

ஜூன் இருபத்திமூன்றில் இங்கே நடுக்கோடைக்கு நெருப்பு மூட்டுவார்கள். சங்கத்து விதிப்படி அதற்குள் பயிரிடாத வளவு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். ஒரு சனிக்கிழமை கிர்ஸ்டன் வந்தார். வேலிக்கு மேலால் அல்ல, படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அதற்குமுன் அப்படி வந்ததில்லை.

"நாதன், இப்போது எதற்குப் பொறுக்கிறோம்?"

நான் மண் எடுக்கக் குனிந்தேன்.

"மண்ணை விடுங்கள்" என்றார்.

நிமிர்ந்தேன். "கிர்ஸ்டன், நான் விவசாயி இல்லை."

"தெரியும்."

"எப்போதிருந்து?"

"முதல் நாளிலிருந்து. மண்வெட்டியை நீங்கள் தேநீர்த் தட்டுப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரியும்."

"பிறகு ஏன் கேட்டீர்கள்?"

"பதில்கள் நன்றாக இருந்தன." கிர்ஸ்டன் கையுறையைக் கழற்றினார். "ஞாயிற்றுக்கிழமை குடிலுக்குப் பின்னால் போய் யாரிடமோ கேட்பீர்கள். திங்கட்கிழமை வந்து சொல்வீர்கள். இந்த வருஷம் பின்னால் போகிறீர்கள், ஒன்றும் பேசாமல் வருகிறீர்கள்." குடில் பக்கம் பார்த்தார். "அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா?"

"தெரியாது" என்றேன். அந்த வருஷத்தில் நான் சொன்ன முதல் நேர்மையான பதில்.

கிர்ஸ்டன் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நிலத்தையாவது கொத்தி வையுங்கள். கொத்தினால் தொடங்கிவிட்டார் என்று எழுதலாம். அதற்குமேல் என்னால் எழுதமுடியாது."

இடது கை

அடுத்தநாள் சரோவும் வந்தாள். கொத்துவது மட்டும், போடுவதில்லை என்பது ஒப்பந்தம். ஆனாலும் கிழங்குத் தட்டுகளைக் காரில் ஏற்றி வந்திருந்தாள். காற்றுப் படட்டும் என்றாள். முளைகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து வெளிறிக் கிடந்தன.

நான் மண்வெட்டியைத் தேநீர்த் தட்டு மாதிரிப் பிடித்துக் கொத்திக்கொண்டு நின்றபோது அவளுடைய பைக்குள் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"ஹலோ" என்றாள். பிறகு, "அண்ணை" என்றாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.

"அண்ணி? ... எந்தக் கால்? ... ஓம். ... சாப்பிட்டனியளோ? ... ஓம் அண்ணை. ஓம்."

பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுபக்கத்தில் பெயர்கள் சொல்லப்படுகின்றன என்று முகத்தில் தெரிந்தது. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"என்னடா தோட்டக்காரன்."

குரல் பாதியாகியிருந்தது. பகிடி குறையவில்லை.

"மச்சான்."

"கிழங்கு போட்டாச்சோ?"

"இல்லை. நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"விசரா, வைகாசியும் முடிஞ்சுது! கிழவி போட்டிட்டுதோ?"

"போட்டிட்டா. கோவாவும் நிக்குது."

"சரி, இஞ்சை கேள், நேரமில்லை, இது ஆற்றையோ போன். இஞ்சை ஆமிக்காறர் எங்களை ஒரு பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்கிறாங்கள். பேர் பதியேக்கை என்ன தொழில் எண்டு கேட்டவங்கள். தோட்டம் எண்டு சொன்னால், எங்கை தோட்டம், ஆருக்கு மரக்கறி குடுத்தனி எண்டு துருவுவாங்கள். நான் டைப் அடிக்கிறனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர், நீங்களோ?"

"என்ரை தொழிலை நீ இருபது வருஷமாய் வைச்சிருக்கிறாய். உன்ரையை நான் கொஞ்சநாள் எடுத்தால் தேய்ஞ்சோ போகும்?"

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. சரோ நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப கரைச்சல் என்னெண்டால், நம்பிப்போட்டாங்கள். பள்ளிக்கூடக் கந்தோரிலை ஒரு பழைய தமிழ் மிசின் கிடக்கு. பேர் லிஸ்ட் அடிக்க நாளைக்கு விடிய வா எண்டிருக்கிறாங்கள். விரலை எங்கை வைக்கிறது? கெதியாய்ச் சொல்லு."

குடில் வாசலில் ஒரு பலகை கிடந்தது. அதற்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சேறு பிடித்த பத்து விரலையும் பலகையில் வைத்தேன். இருபது வருஷம் கழித்தும் அவை தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. இந்த நாட்டில் என் கைகள் தடுமாறாமல் செய்த முதல் வேலை அது.

"நடு வரிசை. இடது கையைப் பாருங்கோ. சின்ன விரலை ய-விலை வையுங்கோ. இடக்கைப் பக்கத்துத் தொங்கல், கடைசி எழுத்து."

"ய."

"அடுத்த விரல் ள. நடு விரல் ன. சுட்டு விரல் க."

"ய, ள, ன, க." திருப்பிச் சொன்னார். "எப்பிடி அடிக்கிறது?"

"விதை ஊண்டுற மாதிரி. அமத்தக்கூடாது. தட்டிப்போட்டு உடனை எடுக்கவேணும்."

"எவ்வளவு ஆழம்?"

"மச்சான், பகிடி விடாதேங்கோ. இப்ப வலது கை..."

அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். மூன்று மொழிக்காரி வந்தாள்.

"அண்ணை என்ன சொன்னவர்?" என்று சரோ கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பலகையையும் என் விரல்களையும் பார்த்தாள்.

"இடது கை மட்டும்தான் சொன்னனீங்களோ?"

"ஓம். வலது கைக்கு வரேக்கை கட் ஆயிட்டுது."

"அப்ப வலது கை தெரியாதோ அவருக்கு?"

"தெரியாது."

"ஒரு கையாலை லிஸ்ட் அடிக்கேலாது, என்ன?"

"அடிக்கேலாது."

சரோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப கட்டாயம் எடுப்பார்." வாளியிலிருந்து எழுந்தாள். "மண்வெட்டியை இஞ்சை தாங்கோ. நீங்கள் பிடிக்கிற பிடிக்கு இண்டைக்கு முடியாது."

அவள் குழி வெட்டினாள். நான் கிழங்கை எடுத்துக் கொடுத்தேன். நீண்ட முளைகளில் பாதியை என் கை முறித்தது. மிச்சப் பாதி நிலத்துக்குள் போனது.

இரண்டாவது வரிசையில் நிற்கும்போது வேலிக்கு மேலால் கிர்ஸ்டனின் தலை வந்தது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சரோவின் முகத்தில் பதில் இருந்திருக்கவேண்டும், அந்த மனிதரைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு ஆழத்தில் போடுகிறீர்கள்?" என்றார்.

நான் மண்ணை மணக்கவில்லை.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.